கிலோமீட்டருக்கு 10 காசு
இரு சக்கரம்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி ‘அட்வென்ச்சர் டூரிங்’ பைக்குகளைப் பற்றியவை. உயரமான சீட், பெரிய பெட்ரோல் டாங்கி, இரு பக்கமும் பெட்டி மாட்டிக்கொண்டு வார இறுதியில் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் வரிசை பிடித்து நிற்குமே, அந்த ரக வண்டிகள். ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறை நெருங்குகிறது, எல்லாருக்கும் வடக்கே போகும் ஆசை வந்துவிட்டது.

இந்தப் பகுதியைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிங்கப்பூரின் காக்கி புக்கிட்டில் ஒரு பைக் பட்டறையில் 26 ஆண்டு வேலை பார்த்தவன் நான். இப்போது ஓட்டுவது சுசுகி வி-ஸ்ட்ராம் 650. கீழே வரும் தொகைகள் என் ரசீதுகளிலிருந்தும், பட்டறையில் நான் எழுதிக்கொடுத்த பில்களிலிருந்தும் எடுத்தவை. உங்கள் கடையில் கொஞ்சம் கூடலாம், குறையலாம்.

*வாசகி, ஈசூன்: என் கணவருக்கு 43 வயது. பெரிய பைக்குக்கான வகுப்பு 2 உரிமம் எடுத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன. இப்போது 650 சிசியில் பழைய டூரிங் பைக் ஒன்று வாங்கப் பார்க்கிறார். பராமரிப்புக்கு மாதம் 30 வெள்ளி போதும் என்கிறார். அவருடைய நண்பரோ 300 வெள்ளி ஆகும் என்கிறார். எங்களுக்கு இரண்டு பிள்ளைகள், சின்னவள் தொடக்கநிலை 4 படிக்கிறாள். எனக்கு உண்மையான கணக்கு வேண்டும். அவர் மனம் நோகுமே என்று மறைக்காதீர்கள்.*

சகோதரி, இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை. 100 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது எப்படி வருகிறது என்று சொல்கிறேன். நீங்களே கூட்டிப் பாருங்கள்.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடலாம். வண்டி விலையைப் பார்த்து, பராமரிப்பும் அதே அளவுக்கு இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே பெரிய பைக் விலை ஏன் ஏறுகிறது? வண்டியை 10 ஆண்டு வைத்திருக்க ஏலத்தில் எடுக்கும் வாகன உரிமைச் சான்றிதழ் ஒரு பக்கம். கூடுதல் பதிவுக் கட்டணம் இன்னொரு பக்கம். வண்டியின் பொதுச் சந்தை மதிப்பில், அதாவது இறக்குமதி மதிப்பில், முதல் 5,000 வெள்ளிக்கு 15 விழுக்காடு, அடுத்த 5,000 வெள்ளிக்கு 50 விழுக்காடு, அதற்கு மேல் உள்ளதற்கு 100 விழுக்காடு. 2017 முதல் இப்படித்தான். இவையெல்லாம் வண்டிக்கு மட்டும். ஒரு ஜோடி பிரேக் பேடுக்கோ ஆயில் ஃபில்டருக்கோ சான்றிதழ் எடுக்க வேண்டியதில்லை. அதனால் விலை இரண்டு மடங்கு என்றால் பராமரிப்பும் இரண்டு மடங்கு என்று எண்ண வேண்டாம்.

இன்னொன்று, மாதக் கணக்கு போடாதீர்கள். கிலோமீட்டர் கணக்கு போடுங்கள். நான் ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். வேலைக்கும் வீட்டுக்குமாக 7,000 சொச்சம் ஆகிவிடும். மீதி மலேசியா, தாய்லாந்துப் பயணங்கள். பின் டயர் 230 வெள்ளி, 12,000 கிலோமீட்டர் தாங்குகிறது. முன் டயர் 190 வெள்ளி, 18,000 வரை போகும். இரண்டையும் சேர்த்தால் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 3 காசு. 6,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயிலும் ஃபில்டரும் மாற்ற 90 வெள்ளி, அது ஒன்றரைக் காசு. செயினும் அது ஓடும் பல்சக்கரங்களான ஸ்பிராக்கெட்டும் 270 வெள்ளி, ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 24,000 வரை வரும், ஒரு காசுக்குச் சற்று மேல். 24,000-இல் இன்ஜின் வால்வுகளின் இடைவெளி பார்த்து, ஸ்பார்க் பிளக்குகளையும் மாற்றினால் 380 வெள்ளி, அது ஒன்றரைக் காசு. பிரேக் பேடு, ஏர் ஃபில்டர் எல்லாம் சேர்த்து இன்னும் ஒரு காசு. ஆக 8 காசுக்குச் சற்று மேல்.

இதோடு முடியவில்லை. வண்டி ஓடினாலும் நின்றாலும் தேதி பார்த்து மாற்ற வேண்டியவை சில உண்டு. பிரேக் ஆயிலும் கூலண்டும் 2 ஆண்டுக்கு ஒரு முறை. பேட்டரி நம் வெயிலில் 3 ஆண்டு வந்தால் நல்லது. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் ஆயிலும் சீலும் நான் 3 ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுகிறேன். இவற்றுக்கு ஆண்டுக்கு 170 வெள்ளி. எல்லாம் சேர்த்தால் என் கணக்கில் கிலோமீட்டருக்கு 10 காசு, ஆண்டுக்கு ஏறத்தாழ 1,200 வெள்ளி. அதுதான் அந்த மாதம் 100.

உங்கள் கணவர் வார இறுதியில் மட்டும் ஓட்டி ஆண்டுக்கு 5,000 கிலோமீட்டர்தான் போவார் என்றால் 600 வெள்ளிக்குள் முடியும். 30 வெள்ளி என்று அவர் சொன்னது ஆயிலை மட்டும் நினைத்துச் சொன்னதாக இருக்கும். புதிதாக வாங்குகிறவர்களில் அநேகம் பேர் டயரை மறந்துவிடுகிறார்கள். நண்பர் சொன்ன 300 பெரிய 1,200 சிசி வண்டியில் நிறைய ஓட்டுகிறவருக்கு வரும் தொகையாக இருக்கலாம். அந்த ரகத்துக்கு நான் பில் போட்டவரை கிலோமீட்டருக்கு 16, 17 காசு ஆனது.

இப்போது மறைக்காமல் சொல்ல வேண்டியது. பழைய வண்டி வாங்கும் முதல் ஆண்டுக்கு இந்த 100 போதாது. விற்கிறவர் டயர் தேய்ந்த பிறகு, செயின் முடிகிற நேரத்தில்தான் பெரும்பாலும் விற்பார். அதில் குற்றம் ஒன்றும் இல்லை. எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம். ஆனால் அந்தச் செலவு உங்கள் தலையில் வரும். வண்டி விலைக்கு வெளியே 1,000 வெள்ளியைத் தனியாக எடுத்து வையுங்கள். அது கையில் இல்லாவிட்டால் வண்டியை இன்னும் மூன்று மாதம் கழித்து வாங்கட்டும். சாலை வரி, காப்புறுதி, நிறுத்துமிடக் கட்டணம் இவற்றை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை. அவை வண்டி கீழே நின்றாலும் போகும் பணம்.

எங்கள் வீட்டில் நீல அட்டை போட்ட ஒரு நோட்டு இருக்கிறது. பெட்ரோல் போடும்போதெல்லாம் மீட்டரில் உள்ள எண்ணைக் கைபேசியில் படம் எடுத்து அனுப்புவேன். என் மனைவி அதை எழுதி, மாதக் கடைசியில் ஓடிய கிலோமீட்டருக்கு 10 காசு வீதம் தனிக் கணக்கில் போட்டுவிடுவார். 9 ஆண்டாக இந்தப் பழக்கம். டயர் மாற்றும் நாளில் எங்களுக்குள் பேச்சே வராது, பணம் ஏற்கனவே அங்கே இருக்கும். நீங்கள் கணக்குக் கேட்டு எழுதியது எனக்கு மிகவும் பிடித்தது. இந்த நோட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

*வாசகர், தெம்பனிஸ்: என் பின் டயர் 11,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கோடு இன்னும் தெரிகிறது. டிசம்பரில் நண்பர்களோடு வடதாய்லாந்தின் மே ஹோங் சோன் சுற்றுப் பாதைக்குப் போகிறோம். போய்வந்து மாற்றினால் 200 வெள்ளி இந்த ஆண்டு மிச்சமாகுமே?*

தம்பி, மாற்றிவிட்டுப் போங்கள்.

தூரத்தைப் பாருங்கள். ஜோகூர் பாருவிலிருந்து தாய்லாந்து எல்லையில் உள்ள புக்கிட் காயூ ஹீத்தாம் வரை வடக்கு-தெற்கு நெடுஞ்சாலை மட்டும் 772 கிலோமீட்டர். அங்கிருந்து பேங்காக், பிறகு சியாங் மாய். போக மட்டும் ஏறக்குறைய 2,500. அதன் பிறகுதான் நீங்கள் ஆசைப்படும் அந்த 600 கிலோமீட்டர் சுற்று, 1,864 வளைவுகள் என்று பெயர் பெற்ற பாதை. நெடுஞ்சாலையில் ஓடியே டயரின் நடுப்பகுதி தட்டையாகிவிடும். தட்டையான டயரை வளைவில் சாய்த்தால் ஒரு விளிம்பில் ஏறி இறங்குவது போல வண்டி தடுமாறும். பெட்டிகளும் பின்னால் ஆளும் இருந்தால் இன்னும் மோசம்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் கோத்தா பாருவில் நண்பர் மகள் திருமணம். பின் டயரில் இன்னும் 2,000 கிலோமீட்டர் இருக்கிறது என்று கணக்குப் போட்டு அப்படியே கிளம்பினேன். கிரிக்கிலிருந்து ஜெலி போகும் மலைச்சாலை, யானை கடக்கும் இடம் என்று பலகை வைத்திருப்பார்களே, அங்கே சாயங்காலம் ஐந்து மணிக்குப் பின் சக்கரம் ஆட ஆரம்பித்தது. இறங்கிப் பார்த்தால் மெலிந்துபோன நடுப்பகுதியில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு கிழிசல். ஆணிக் குத்து என்றால் என்னிடம் ரப்பர் திரி இருந்தது. கிழிசலுக்கு அது நிற்காது. லாரியில் ஏற்றிக் கிரிக்குக்குத் திரும்ப 350 ரிங்கிட். அந்த ஊர்க் கடைகளில் சின்ன வண்டி டயர்கள் அடுக்கி வைத்திருந்தார்கள், 150/70 அளவில் 17 அங்குல டயர் ஒன்றுகூட இல்லை. ஈப்போவிலிருந்து வரவழைக்க இரண்டு நாள். அறை வாடகை 180, டயரைக் கொண்டுவந்த கூலி 60. டயர் விலையை விடுங்கள், அது எப்படியும் போட வேண்டியது. கூடுதலாகப் போனது மட்டும் 590 ரிங்கிட். நான் மிச்சம் பிடிக்க நினைத்த ரப்பரின் மதிப்பு, என் கணக்கின்படியே, 38 வெள்ளி. திருமணத்துக்கும் போய்ச்சேரவில்லை. அந்தப் பெண்ணைச் சிறு குழந்தையாகத் தூக்கி வைத்திருந்தவன் நான். இன்றும் அதை நினைத்தால் மனம் வருந்துகிறது.

புது டயர் வாங்கும்போது பக்கச்சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும், குனிந்து படியுங்கள். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. பல ஆண்டு பழைய சரக்கைப் புதிது என்று விலை குறைத்துத் தருவார்கள். வாங்காதீர்கள்.

அப்புறம், காப்புறுதிப் பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். இங்குள்ள பத்திரங்களில் பெரும்பாலானவை மேற்கு மலேசியாவுக்கும், தாய்லாந்தில் எல்லையிலிருந்து 80 கிலோமீட்டர் வரைக்கும்தான். ஹாட்யாய் அதற்குள் அடங்கிவிடும், சியாங் மாய் அடங்காது. பயணச் செலவில் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

*வாசகர், புக்கிட் பாத்தோக்: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) கார் நிறுத்துமிடத்தில்தான் வண்டியை விடுகிறேன். செயினை நானே சுத்தம் செய்ய முடியுமா? கடையில் கொடுத்தால் ஒவ்வொரு முறையும் காசு.*

தாராளமாகச் செய்யலாம். இருபது நிமிட வேலை. நடு ஸ்டாண்ட் இருந்தால் போடுங்கள். கீழே பழைய அட்டைப் பெட்டியை விரித்து, கழிவு தரையில் சொட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மண்ணெண்ணெயில் நனைத்த மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, துணியால் துடைத்து, காய்ந்ததும் செயின் ஸ்பிரே அடியுங்கள். பெட்ரோல் வேண்டாம், கம்பி பிரஷ்ஷும் வேண்டாம். இந்தச் செயின்களின் ஒவ்வொரு கண்ணியிலும் சின்ன ரப்பர் வளையம் இருக்கிறது. அதுதான் உள்ளே இருக்கும் கிரீஸைக் காக்கிறது. அது போனால் செயின் போனது.

இன்ஜினை ஓடவிட்டுச் சக்கரம் தானாகச் சுழலும்போது மட்டும் துடைக்கவே கூடாது. பட்டறையில் என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு அப்படித்தான் ஆள்காட்டி விரலின் நுனி போனது. துணி சிக்கியது, கையும் கூடப் போனது. கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. சக்கரத்தைக் கையால் தள்ளித் தள்ளித் துடையுங்கள்.

செயின் மேலும் கீழும் ஆடும் தளர்வு எவ்வளவு இருக்க வேண்டும் என்பது வண்டிக்கு வண்டி வேறுபடும். என்னுடையதில் 20 முதல் 30 மில்லிமீட்டர். சஸ்பென்ஷன் நீளமான வண்டிகளில் இன்னும் அதிகம் இருக்கும். பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரிலேயே போட்டிருப்பார்கள். தளர்ந்த செயின் சத்தம் போட்டுச் சொல்லிவிடும், இறுக்கிய செயின் சொல்லாது. பெட்டி ஏற்றி ஆள் உட்கார்ந்ததும் அது கியர்பாக்ஸ் தண்டை இழுத்துக்கொண்டே இருக்கும். அந்த பேரிங் போனால் இன்ஜினையே பிரிக்க வேண்டிவரும்.

மாற்றும் நேரம் வந்துவிட்டதா என்று பார்க்க, பின் ஸ்பிராக்கெட்டின் கடைசிப் பக்கத்தில் செயினை விரலால் பிடித்துப் பின்னுக்கு இழுங்கள். பல்லில் பாதி வெளியே தெரிந்தால் காலம் முடிந்தது. பற்கள் ஒரு பக்கமாக அலை போல வளைந்திருந்தாலும் அப்படியே. மாற்றினால் செயினும் இரண்டு ஸ்பிராக்கெட்டும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

*வாசகர், உட்லண்ட்ஸ்: எல்லா வேலையையும் ஜோகூர் பாருவில் செய்துகொண்டால் பாதிச் செலவு மிச்சம் என்கிறார்கள். உண்மையா?*

கூலி அங்கே கணிசமாகக் குறைவு. டயர், ஆயில் போன்றவற்றுக்கு நானும் போகிறேன். கண்முன்னே முடிகிற வேலை, தவறு நடந்தால் அப்போதே தெரியும். வால்வு, ஃபோர்க், பிரேக் உட்பாகங்கள் என்றால் நான் இங்கேதான் கொடுப்பேன். இரண்டு நாள் கழித்து ஒரு சத்தம் வந்தால் வேலை முடிந்த சாயங்காலம் போய்க் காட்டும் தூரத்தில் கடை இருக்க வேண்டும். கடற்பாலத்தில் வெள்ளிக்கிழமை மாலை நிற்கும் வரிசை உங்களுக்குத் தெரியாததா.

எங்கே கொடுத்தாலும் ஒன்றைக் கவனியுங்கள், ஆயில் வடிக்கும் போல்ட்டை எதைக் கொண்டு முடுக்குகிறார்கள் என்று. ஒரு கடையில் என் வண்டிக்கு நீளக் கைப்பிடி போட்டுப் பலங்கொண்ட மட்டும் முறுக்கிவிட்டார்கள். அடிப்பாகம் அலுமினியம், உள்மரை பிய்ந்துவிட்டது. 85 வெள்ளிக்கு முடிந்திருக்க வேண்டிய வேலை, புது மரை போட்டதில் 240 ஆனது. முறுக்கும் விசையின் அளவு காட்டும் டார்க் ரெஞ்ச்சை எடுக்கும் கடை எந்த ஊரில் இருந்தாலும் நல்ல கடை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அங்கே பெட்ரோல் போட்டால் ரான் 97 ரகம்தான். வெளிநாட்டு வண்டிகளுக்கு ரான் 95 கிடையாது.

*வாசகர், பொங்கோல்: ஷாஃப்ட் டிரைவ் வண்டி வாங்கினால் செயின் செலவே இல்லைதானே?*

செயினுக்குப் பதில் ஒரு தண்டு சக்கரத்தைச் சுழற்றுவதால் செயின் செலவு இல்லை, உண்மை. பின் சக்கரத்தருகே உள்ள கியர் பெட்டியின் ஆயிலை (ஃபைனல் டிரைவ் ஆயில்) குறித்த கிலோமீட்டரில் மாற்ற வேண்டும், ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் தண்ணீர் உள்ளே போய்த் துருப்பிடித்து ஷாஃப்ட்டே போனால் அந்த ஒரு பில்லில் பல செயின் வாங்கலாம். தினமும் மழையில் ஓட்டி, செயினைத் துடைக்க நேரமே இல்லாதவருக்கு ஷாஃப்ட் நல்லது. செலவைக் குறைக்க என்று அதை வாங்க வேண்டாம்.

*வாசகர், சுவா சூ காங்: என் வண்டிக்கு 8 ஆண்டு ஆகிறது. சான்றிதழ் இன்னும் 2 ஆண்டுதான். 46,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. இரண்டாவது வால்வு வேலைக்கு 400 வெள்ளி கேட்கிறார்கள். இந்த வயதில் வண்டிக்கு இவ்வளவு செலவு வீணா?*

ஐயா, நீங்கள் முதலில் முடிவு செய்ய வேண்டியது வால்வை அல்ல, 10-ஆம் ஆண்டில் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதை. கார்களுக்குப் பதிவு நீக்கும்போது கூடுதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்குமே, அது மோட்டார்சைக்கிள்களுக்கு இல்லை. 10 ஆண்டு முடிந்து புதுப்பிக்காமல் விட்டால் இரும்பு விலைதான். புதுப்பிப்பதென்றால் கடந்த மூன்று மாத ஏலத்தின் சராசரியைக் கட்ட வேண்டும். 5 ஆண்டுக்குப் பாதி கட்டலாம், ஆனால் அந்த 5 ஆண்டு முடிந்தால் மறுபடி நீட்டிக்க வழியில்லை.

புதுப்பிக்கும் எண்ணம் இருந்தால் இன்றே வால்வு வேலையைச் செய்யுங்கள். அந்த 400-ஐ இன்னும் 12 ஆண்டு ஓடப்போகும் இன்ஜினுக்குச் செய்வதாக நினையுங்கள். வெளியேற்றும் வால்வின் இடைவெளி மெதுவாகக் குறையும், குறையும்போது சத்தம் வராது. முழுதாக மூட முடியாமல் போனால் வால்வின் விளிம்பு கருகும். பிறகு 400-இல் முடியாது.

புதுப்பிக்கும் எண்ணம் இல்லை, ஆண்டுக்கு 4,000, 5,000தான் ஓட்டுகிறீர்கள் என்றால் அளந்து மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். அளவு எல்லைக்குள் இருந்தால் மூடிவிடலாம், கூலி மட்டும்தான் ஆகும். டயர், பிரேக், பேரிங் மூன்றிலும் வண்டியின் வயதைக் காரணம் காட்டிக் குறைக்காதீர்கள். 3 ஆண்டு தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் சோதனை இருக்கிறதே, அதில் தேறியது என்பது அன்றைய நிலை மட்டும்தான்.

*வாசகர், செங்காங்: வயது 22, கையில் வகுப்பு 2பி உரிமம் (200 சிசி வரை). டூரிங் வண்டி ஓட்ட ஆசை. பராமரிப்புச் செலவு குறைவு என்று ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பார்க்கிறேன்.*

தம்பி, அதன் இன்ஜின் 411 சிசி. வகுப்பு 2ஏ 400 வரைதான், அந்த 11 சிசிக்காக வகுப்பு 2 வேண்டும். அடுத்த ஆண்டு 2ஏ எடுத்ததும் ஹோண்டா சிபி400எக்ஸ் பழையது கிடைக்கிறதா பாருங்கள். பயணத்துக்கு ஏற்ற வண்டி, பாகங்களும் எளிதில் கிடைக்கும். அதுவரை 2பி வண்டியிலேயே மெர்சிங் வரை ஒரு சனிக்கிழமை போய்வாருங்கள். காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் கடற்பாலத்தில் அவ்வளவாகக் காத்திருக்க வேண்டியிருக்காது.